ரப்பர் தூள்

எனக்குக் கூலி
கோடுகளைக் கொல்வதற்கு.

முதலில் மை.
அது காய்ந்தபின் அடியில் கிடக்கும் பென்சிலை
ரப்பரால் தேய்த்து இல்லாமலாக்க வேண்டும்.
பக்கத்துக்கு இத்தனை லீரா.
ஊதிவிட்ட தூளை
ஜெனோவாத் துறைமுகக் காற்று
மாடிப்படி வழியே அள்ளிப் போகும்.

எர்மெத்தேயை மொத்தம் ஆறு முறை பார்த்திருப்பேன்.
அவன் பென்சில், நான் மை,
நடுவில் ஒரு தபால்காரன்.
ஓரங்களில் எனக்கென்று எழுதியிருப்பான்:
‘இங்கே மழை. எவ்வளவு என்பது உன் இஷ்டம்.’
‘இந்தக் குதிரை நொண்டி.
படிப்பவனுக்குத் தெரிய வேண்டாம்,
குதிரைக்குத் தெரிந்தால் போதும்.’
தனக்கென்றும் எழுதியிருப்பான்:
‘நெத்திலி, சிகரெட், கூரைக்காரனுக்கு பாக்கி.’
எல்லாவற்றையும் அழித்தேன்,
கூரைக்காரனின் பாக்கி உட்பட.

முப்பத்தோராம் பக்கத்தில்
ஒரு குதிரைக்கு ஏழு கால்கள்.
போட்டுப் பார்த்து, விட்டு,
பக்கத்திலேயே மறுபடி போட்ட கால்கள்.
நான்கைத் தேர்ந்து மை இடுவது என் வேலை.
மற்ற மூன்றும் ஓடிக்கொண்டேயிருந்தன.
ரப்பரை எடுத்தேன்.
வைத்தேன்.
எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அன்றிரவு ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி
இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கிடத்தி
அடியில் பல்பைக் கொளுத்தி
அவன் தாள்மேல் என் தாளைப் போட்டு
வெளிச்சத்தில் வரைந்தேன்.
வழக்கத்தைவிடச் சுத்தம் என்றார் பதிப்பாளர்.
ஜன்னலில் அட்டை அடித்துக்கொண்டு
அந்தக் குளிர்காலத்தைக் கழித்தேன்.

அதன்பின் எதையும் அழிக்கவில்லை.

மை காய்ந்தால் காய்ந்ததுதான்.
பென்சில் காய்வதே இல்லை.
பத்து வருடம் கழித்துத் தொட்டாலும்
விரலோடு வந்துவிடும்.
தாளுக்குத் தாள் நடுவே மெல்லிய தாள் வைத்தேன்.
சுவரில் கடல் ஊறும் ஊர் இது,
மரப்பெட்டியைக் கட்டிலின் கீழிருந்து
அடுப்படி அலமாரிக்கு மாற்றினேன்.
வெள்ளிப்பூச்சி
ஒரு ஷெரீபின் தொப்பியைத் தின்றுவிட்டது.

விஷயம் தெரிந்தபோது எர்மெத்தே சிரித்தான்.
‘வேர்வையை யாராவது
பாட்டிலில் பிடித்து வைப்பார்களா?’
காப்பிக் கோப்பையை
எண்பத்தெட்டாம் பக்கத்தின்மேல் வைத்தான்.
வட்டம் இன்னும் இருக்கிறது.

எழுபத்தொன்பது இலையுதிர் காலத்தில்
அடிவானம் நடுங்க ஆரம்பித்தது.
ரயிலில் உட்கார்ந்து வரைந்திருப்பான் என்று நினைத்தேன்.
அடுத்த உறையில் கூரைகள்.
அதற்கடுத்து கடிவாளம், துப்பாக்கிக் குழல்.
ஓரத்தில் ஒரு வார்த்தை இல்லை.

நான் ஸ்கேலை எடுத்தேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
எல்லாம் நேராக நின்றது.
ஒரு வாசகன் கடிதம் போட்டான்:
‘ஐயா, உங்கள் கை
வருடத்துக்கு வருடம் உறுதியாகிறது.’
எர்மெத்தே அதை எனக்கு அனுப்பிவைத்தான்,
‘உறுதி’க்கு அடியில் ஒரு பென்சில் கோடு இழுத்து.
அந்தக் கோடும் நடுங்கியிருந்தது.

நேற்று அருங்காட்சியகத்திலிருந்து தேலியா வந்தாள்.
சாம்பல் நிறப் பெட்டிகள், கையுறை, பூதக்கண்ணாடி.
இருநூற்றுப் பன்னிரண்டு தாள்களை
மூச்சு படாமல் எண்ணினாள்.
காப்பிக் கறையை எடுத்துவிடலாமா என்றாள்.
வேண்டாம்.
விரல் தடங்களை?
வேண்டாம் அம்மா.
கடைசி வருடத்துத் தாள்களை
அச்சுப் பிரதியின் பக்கத்தில் வைக்கலாமா?

அதற்கு மட்டும்
பதில் சொல்ல நேரமானது.
கடைசித் தாளை விளக்கருகே கொண்டுபோனேன்.
அரிசோனாவாம்.
அரிசோனாவைக் கண்டானா அவன்?
மணல் முடியும் இடத்தில் அந்தக் கோடு
எழுந்து, இறங்கி, எழுந்து
எங்கள் ஊர்க் கடலாகக் கிடந்தது.
நான் அச்சுக்குக் கொடுத்தது
வெறும் பாலைவனம்.

வை என்றேன். பக்கத்திலேயே வை.

ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட
என் பேனாவைத் திறந்தேன்.
தேலியா பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.
இந்தத் தாள்கள் இருக்கும் மேசையில்
மை கூடாதாம்.
ஒரு பென்சிலைத் தந்தாள்.

பெயரில் ஓர் எழுத்து கோணியது.
பழக்க தோஷம்,
ரப்பர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.