அத்தை மகன்

அசுன்சியோனிலிருந்து இருபது மணி நேரப் பேருந்து.
வழிநெடுக ஒத்திகை பார்த்தோம்:
எலிஹியோ என் அத்தை மகன்.
அத்தை பெயர் பெர்னார்தா.
அவளுக்கு முழங்கால் வலி என்று
அவனாக ஒன்று சேர்த்துக்கொண்டான்.

மோன்டெவிடியோவில் விடுதிக்கார ஒடில்யா
எங்களைப் பார்த்தது அரைக் கண்ணால்.
ஒரு சாவி. ஒரு கட்டில்.
பத்து மணிக்கு மேல் வெந்நீர் வராது,
அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டாள்.

பெர்னார்தா அத்தை
வாய்க்குள்ளேயே தங்கிவிட்டாள்.

விடிந்ததும் ஒடில்யாவே
ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் ஊற்றித் தந்தாள்.
கடல்போல் பாசாங்கு செய்யும் ஆற்றின் கரையில் நடந்தோம்.
இந்த ஊரில் எல்லோருக்கும்
ஒரு கை ஃபிளாஸ்க்கை இடுக்கவே போய்விடுகிறது.
மிச்சமிருந்த கையை எலிஹியோ நீட்டினான்.
பிடித்தேன்.

எதிரே போலீஸ்காரர்.
கை தானாக உதறிக்கொண்டது.
"இவன் என் அத்தை மகன்" என்றேன்,
யாரும் கேட்காமலே.

"அப்படியா" என்றவர்
காய்ந்துபோன மாத்தே குடுவையை நீட்டினார்.
"கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?"

ஊற்றினான்.
நிதானமாக உறிஞ்சிவிட்டுக் கேட்டார்:
"அத்தை சௌக்கியமா?"

"முழங்கால்தான் வலி" என்றான் எலிஹியோ,
என் கையைத் தேடியபடி.