டி

ராத்திரி தானாகவே புதுப்பித்துக்கொண்டதாம்.
காலையில் டி-யைத் திறந்தால் காலி.

ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி மில்.
எடைமேடையில் கிழங்கு லாரி,
இறக்கவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை.
பிடுங்கி இரண்டு நாள்.
உள்ளே நீலக்கோடு ஓடியிருக்கும்.

கேபிளைக் கழற்றி மாட்டினேன்.
காது வைத்துக் கேட்டேன்: சுழல்கிறது,
டிக் டிக் இல்லை.
பயாஸில் தெரிகிறது, ஒரு டெராபைட், குத்துக்கல்லாட்டம்.

"பேசாம ஃபார்மட் போட்டுருங்க" என்றார் அர்த்தனாரி.
பதினாறு வருஷத்தில்
யாரும் இப்படிச் சொன்னதில்லை.
அழுவார்கள். சாமிக்கு முடிந்து வைப்பார்கள்.

விஷயம் சின்னது.
புது சிஸ்டம், வந்த வேகத்தில்,
நானூறு எம்பி மீட்புத் துண்டு ஒன்றுக்கு
டி என்று பேர் வைத்துவிட்டது.
பழைய வட்டு எழுத்தில்லாமல் நின்றது,
ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போன ஆள் மாதிரி.
வட்டுக்கும் தலையெழுத்து உண்டு.
பிடுங்கினேன், திருப்பிக் கொடுத்தேன்,
இரண்டு கிளிக்.

எல்லாம் வந்தது.
கேட்காததும் வந்தது:
சின்னப்பையன், பெத்தநாயக்கன்பாளையம்,
மீட்டர் 27 பாயிண்ட்.
பக்கத்துக் கட்டத்தில், சீட்டு 24.
கீழே கீழே உருட்டினேன்.
எல்லாப் பேருக்கும் மூன்று.

ஜன்னலில் முகம் வைத்து
லாரிக்காரர் கேட்டார், "வந்துருச்சுங்களா?"
"வந்துருச்சுங்க."
"நம்ம கணக்கும் இருக்குதா, சின்னப்பையன்னு?"

அர்த்தனாரி என்னைப் பார்த்தார்.
நானூறு என்றிருந்தேன்.
ஐநூறை நீட்டி, "மீதி இருக்கட்டும்."

சில்லறை தேடினேன்,
சட்டைப்பை, பேண்ட், டூல்ஸ் பை,
ஸ்க்ரூ டப்பாவுக்குள்கூட,
ரொம்ப நேரம்.