எலும்பு முடியும் இடம்

தைப்பூசத்தன்று என் கன்னத்தில் வேல் குத்தியவர்
மார்ச்சில் என் எக்ஸ்ரே மேசைக்கு வந்தார்.
ரோஸ் பெல் ஆஸ்பத்திரி. இரவு இரண்டு பத்து.
செல்வின் அப்பாவு, நாற்பத்தாறு வயது,
இடப்பக்க முகம் நசுங்கிய பித்தளைச் சொம்பு.

வாயைத் திறங்க என்றேன்.
ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது.
அந்த இடுக்கு வழியே சொன்னார்:
"தாங். குட்டிகளோடு. வரிசையா.
பிரேக் பிடிச்சேன்."

தாங்: முள்ளும் மயிரும் கலந்த உடம்பு, நீண்ட மூக்கு,
இரவில் கரும்புக்குள் சரசரப்பு.
மடகாஸ்கரிலிருந்து கறிக்கென்று கப்பலேற்றப்பட்டது.
நாங்கள் கரும்புக்கென்று.

படம் வந்தது.
கண்ணுக்குக் கீழே புறப்பட்டுக்
காதுக்கு முன்னால் போய்ச் சேரும் அந்த மெல்லிய வளைவு
நடுவில் முறிந்து உள்ளே விழுந்திருந்தது.
ஊர்ப் பாலங்கள் விழுந்தால் ஆறு கவலைப்படாது.
இது விழுந்தால் அடியில் ஓடுவது நின்றுவிடும்:
நெற்றிப்பொட்டிலிருந்து விசிறியாய் இறங்கி
வளைவுக்குள் புகுந்து தாடையைப் பிடிக்கும் தசை.
இன்னொரு தசை வளைவின் கீழ்விளிம்பில் தொங்கியபடியே
அதே தாடையை இழுக்கிறது.
கரும்புத் துண்டை மெல்லும்போது
காதோரம் விரல் வைத்துப் பாருங்கள்,
இரண்டும் பேசிக்கொள்ளும்.

பல்லிக் கூட்டத்தில் அது ஓரச் சட்டம், அவ்வளவுதான்.
நம் கிளையில்,
பாலூட்டி என்ற பெயருக்கு வெகுமுன்பு,
பசித்த ஏதோ ஒரு சிறு மிருகத்தின் முகத்தில்
அது வெளிப்பக்கம் வளையத் தொடங்கியது,
நெரிசல் பேருந்தில் தோளை ஒதுக்கிச்
சதைக்கு இடம் விட்டு.
ஒதுங்கி ஒதுங்கி
லட்சக்கணக்கான ஆண்டுகள்.
கடி வலுத்தது. தாடையின் பழைய மூட்டு
வேலை இழந்து, சிறுத்து,
காதுக்குள் குடிபோய்க் கேட்கக் கற்றுக்கொண்டது.

கருவில் இதன் கதை இன்னும் அவசரம்.
கையெலும்புக்குக் குருத்தில் ஒரு வரைவுப்படி உண்டு.
இதற்குக் கிடையாது.
மூளையின் முதுகோரம் பிறந்த உயிரணுக்கள்
தலையைச் சுற்றி நடந்து வந்து
ஒரு சவ்வில் உட்கார்ந்து
நேராகவே எலும்பாகின்றன.
அடித்தல் திருத்தல் இல்லை.

தாங்குக்கு இது இல்லை.
அதன் மண்டையோட்டை நான் பார்த்திருக்கிறேன்:
இருபுறமும் முனைகள் மட்டும்,
புயல் கொண்டுபோன பாலத்தின் கரைத் தூண்கள்.
நடு எலும்பு எந்தத் தலைமுறையிலோ தொலைந்துவிட்டது.
மண்புழுவுக்கும் வண்டுக்கும் முனைகள் போதும்.
பெயரில் மட்டும் தாங்கிக்கொண்டு அலைகிறது.

"உடைய அதுக்குக் கன்ன எலும்பே இல்லை, தெரியுமா?" என்றேன்.
சிரிக்கப் பார்த்தார். முகம் கோணியது.
சிரிப்புத் தசைகள் கிளம்புவதும்
அந்த எலும்பில்தான். நான் யோசித்திருக்க வேண்டும்.

தைப்பூசத்தன்று இவர் கட்டைவிரல்
என் எலும்பின் கீழ்விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து
ஓரிடத்தில் நின்றது.
"எலும்பு முடியுற இடம். இங்கேதான் வேல்."
பல்லைக் கடிக்கச் சொன்னார்,
புடைத்த தசைக்கு முன்னால் ஒரு விரல் தள்ளினார்.
வலிக்கவில்லை, அல்லது அப்படித்தான் ஞாபகம்.
எனக்கு எல்லாப் பெயர்களும் தெரியும்.
கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைக்
கண்டுபிடிக்கத் தெரியாது.

மூன்றாம் நாள் அறுவை.
நெற்றிப்பொட்டு மயிருக்குள் சிறு கீறல்,
தசையுறைக்கு அடியில் ஒரு தட்டைக் கம்பி,
டாக்டரின் மணிக்கட்டு மெதுவாக மேலே.
நான் கதிர்த்தடுப்பு ஏப்ரனோடு மூலையில்.
முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை.
யாரோ ஏசியைக் குறைக்கச் சொன்னார்கள்.

பிறகு,
டக்.

படம் எடுக்குமுன்பே தெரிந்துவிட்டது.
என் காதில் வாழும் பழைய தாடை எலும்புகள்
தம் பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்ததைக் கேட்டுவிட்டன.

மறுவாரம் வார்டில்
இரண்டு விரல் அகலம் திறந்து காட்டினார்.
கஞ்சிக் கிண்ணம் காலி.
"எத்தனை குட்டி?" என்று கேட்டேன்,
அன்று கேட்க முடியாமல் போனதை.

"பதினொன்னு வரைக்கும் எண்ணினேன்," என்றார்.
"அப்புறம் சுவர்."