நான்கு பிரதி

மாசி பாதி. கொள்ளிடத்துப் படுகையில்
ராத்திரி பத்து மணிக்கும் இருபத்தாறு டிகிரி.
வலைக்கூடாரத்துக் கம்பிகூட ஆறவில்லை.
உருளைச் செடிக்கு இது போதும்,
மேலே இலையாய்ப் போட்டுத் தள்ளிவிட்டு
கீழே ஒன்றும் சேர்த்துவைக்காமல் இருக்க.

'இங்க உருளை விளையாது டீச்சர்'
குத்தகைப் பணம் எண்ணும்போதெல்லாம்
தங்கமாரியப்பன் சொல்வார்.
நான் டீச்சர் இல்லை. அதைத் திருத்துவதில்லை.
நான் திருத்துவது வேறு.

அவர் சொல்லும் அதே சொல்லைத்தான்
செடியும் எழுதி வைத்திருக்கிறது
ஒவ்வொரு செல்லுக்குள்ளும், நான்கு முறை:
விளையாது விளையாது
விளையாது விளையாது.
நெல்லுக்கு இரண்டு பிரதி போதும்.
உருளை யாரையும் நம்பாத ஜாதி,
பத்திரத்தை நான்கு நகல் எடுத்து
நான்கு பெட்டியில் பூட்டும்.

மாற்ற வேண்டியது ஒரே எழுத்து.
யா, யு ஆக வேண்டும்.
போன வருஷம் முப்பத்தெட்டாம் எண் செடியில்
விளையுது விளையுது
விளையாது விளையுது.
மூன்று பேர் சம்மதித்த வீட்டில்
நாலாமவர் சொன்னதே நடந்தது.
தோண்டினால் வெறும் நூல்.

இந்த வருஷம் அறுபத்தொன்று.
முடிவு வந்தபோது கும்பகோணம் பஸ்ஸில்
ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு
போனில் பார்த்தேன். நான்கிலும் யு.
எங்கே இறங்கணும் என்று
கண்டக்டர் இரண்டு தடவை கேட்டாராம்.

பங்குனியில் பறித்தோம்.
செந்தாமரை கையாலேயே மண்ணைத் தள்ளினாள்.
ஆற்று வண்டல், பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது.
ஏழு கிழங்கு. பெரியது ஓர் எலுமிச்சை.
இருநூற்றுப் பத்து கிராம்.
'என்ன மருந்து போட்டீங்க?'
'எதுவும் போடல. ஒரு எழுத்த மாத்துனோம்.'
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
தோலில் எங்காவது எழுதியிருக்கும் என்பதுபோல.
'ரெண்டு குடுங்க, பிள்ளைக்கு வறுத்துக் குடுக்கறேன்.'

முடியாது.
திருத்திய பேனா இன்னும் செடிக்குள்ளேயே கிடக்கிறது.
அதை வெளியேற்ற ஒரு கலப்பு வேண்டும்.
கலந்தாலோ சீட்டுக்கட்டைக் கலைத்த கதை,
சுவை, தோல், கண்ணின் ஆழம்
எல்லாம் மறுபடி முதலிலிருந்து.
அதுவரை எண்ணிக்கை, எடை, கையெழுத்து.
இரண்டு விதைக்கு.
ஐந்து உலைக்கு.

உலை மூடிய கொஞ்ச நேரத்தில்
சுட்ட கிழங்கின் வாசனை.
செந்தாமரை ஒன்றும் சொல்லவில்லை,
குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

வாசனை பிடித்து வந்து
வரப்பில் வண்டியை நிறுத்தினார் தங்கமாரியப்பன்.
'என்ன டீச்சர், விளையுதா?'
அவர் வாயில் எழுத்து தானாக மாறியிருந்தது.
'விளையுது.'
'அப்ப அடுத்த வருஷக் குத்தகைய
கொஞ்சம் பேசணுமே.'