ஊதா மூடி

மனாவுஸில் மழைக்காலம். இரவுப் பணி எனக்கு.
கட்டில் பதினேழு, ஜூசிலேனி,
முப்பத்தொரு வாரம்.
படகுத்துறையில் பயணச்சீட்டுக் கிழிப்பவள்.
"என் நரம்பு ஒளியும், பார்த்துக் குத்து" என்றாள்
ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து,
பாதிச் சொல்லுக்கு ஒரு மூச்சாக.

ஒளியத்தான் செய்தது.
மூன்றாம் குத்தில் வந்த ரத்தம்
ஊதா மூடிக் குழாயில் ஏறும்போது
கொஞ்சம் தயங்கியது போலிருந்தது.
என் கண்ணின் தூக்கமாகவும் இருக்கலாம்.

தொண்டையில் இருந்தால் இருமல்,
நெஞ்சில் இருந்தால் இரைப்பு,
அதுவரை தெருவுக்கே தெரிந்த கதை.
"ரத்தத்திலும் இறங்கிவிட்டதென்றால்…"
டாக்டர் லுசிமாரா வாக்கியத்தை முடிக்காமல்
கையுறையை மாற்றினாள்.
எங்களுக்கு அது போதும்.

தினமும் வயிற்றோரத்தில் ஒரு ஹெப்பாரின் ஊசி,
ரத்தம் உறையாதிருக்க.
குழந்தை அந்தப் பக்கம் உதைத்தால்
உதை அடங்கும்வரை ஊசி காத்திருக்கும்.
புதன்கிழமை
ஊசி காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

நகரத்துக்குக் கிழக்கே இரண்டு ஆறுகள் சேர்கின்றன.
கறுப்பு நீக்ரோ, சேற்றுநிற சொலிமோயிஸ்,
ஒரே படுகையில் தோளோடு தோள் உரசி
வெகுதூரம் ஓடியும் ஒட்டாதவை.
படகிலிருந்து கையை விட்டுப் பார்ப்பார்கள்:
இந்தப் பக்கம் வெதுவெதுப்பு, அந்தப் பக்கம் குளிர்.
தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் அப்படித்தான்,
நடுவே மெல்லியதொரு சுவர்,
சத்து கடக்கும், காற்று கடக்கும், ரத்தம் கடக்காது என்று
பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
சுவருக்கு என்ன ஆகும் என்று
அந்தத் தாளில் கேள்வி இல்லை.

வாசலில் வால்டெசிர், அவள் கணவன்,
பச்சை உரிந்த சிலிண்டரோடு வரிசையில்.
ஓர் ஆள் கனம்.
உள்ளே இருக்க வேண்டியது வெறும் காற்று,
அதுவும் இல்லை.

வியாழன் விடியுமுன் வயிற்றைத் திறந்தார்கள்.
பெண். ஆயிரத்து நானூற்று இருபது கிராம்.
அழவில்லை.
பிறகு ஈரத்துணி பிழிவதுபோல் ஒரு சத்தம்;
அறையிலிருந்த ஏழு பேரும்
அதை அழுகையென்றே ஒப்புக்கொண்டோம்.

நஞ்சுக்கொடி தட்டில் விழுந்த சத்தம் வேறு.
ஈரல்போல் தளதளக்க வேண்டியது
மழையில் நனைந்து இறுகிய மரவள்ளி மாவாகக்
கட்டிதட்டிக் கிடந்தது. அறுத்தால் வெளிறிய நார்.
வந்த நஞ்சையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு
வழிகளை ஒவ்வொன்றாய் அடைத்திருக்கிறது,
பிள்ளைக்குப் போகும் காற்றையும் சேர்த்து.
காத்ததா, கொல்லப் பார்த்ததா,
என்னைக் கேட்காதீர்கள்.
நான் குழாய் சுமப்பவள்.

வெள்ளிக்கிழமை அளவுமானியின் முள் சிவப்பில் நின்றது.
விமானப்படை விமானமொன்றில்
ஒன்பது பேரோடு அவளையும்
தெரெசினாவுக்கு அனுப்பினார்கள்.
மகளை அவள் பார்த்தது லுசிமாராவின் கைபேசியில்,
சார்ஜ் மூன்று சதவீதம் இருக்கும்போது.
அந்த விமானம்
ஆறுகளுக்கு மேலேதான் திரும்பியிருக்கும்.
அவளைப் படுக்கவைத்திருந்தார்கள், ஜன்னல் கிடையாது.

ஞாயிறன்று குழந்தையின் குதிகாலில் குத்தினேன்.
முதல் குத்திலேயே வந்தது.
பெயர்க் கட்டத்தில் எழுதப் பெயரில்லை.
'ஜூசிலேனியின் மகள்' என்று எழுதினேன்.
எழுத்து சாய்ந்துவிட்டது, மாற்றவில்லை.

திங்களன்று முடிவு: கிருமி இல்லை.
ஓடிப்போய்ச் சொன்னேன்.
காலி சிலிண்டரைக் கிடத்தி
அதன்மேல் உட்கார்ந்திருந்தான் வால்டெசிர்.
தலையை ஆட்டினான், மறுபடி ஆட்டினான்.
"அவளுக்கு?" என்றான்.

தெரெசினாவின் தொலைபேசி எண்ணை
உள்ளங்கையில் எழுதிவைத்திருந்தேன்.
விரித்துப் பார்த்தேன்.
சானிடைசர்
கடைசி இரண்டு இலக்கங்களைத் தின்றிருந்தது.