நூற்றிப் பன்னிரண்டு

கீழக்கரை ஜெட்டியில்
சேசடிமை டீசல் அளந்துகொண்டிருந்தார்.
இருபது லிட்டருக்கு மேல் போனால்
சரகர் கையெழுத்து வேண்டும்.
கச்சான் ஏறுகிற நேரம்.
முள்ளித்தீவின் தலையில்
ஒரு பனை உயரத்துக்குப் புகை நின்றது.
பிறகு நிற்கவில்லை, சாய்ந்தது.

நான் வனவர்.
வனம் என்று எழுதிய எங்கள் பலகை
தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறது.
என் எல்லைக்குள் மரங்களைக் கேட்டால்
ஏறக்குறையச் சொல்வேன்.
மற்றதெல்லாம் மூச்சடக்கிப் பார்க்க வேண்டியவை.

கட்டுப்பாட்டு அறையில் புதுப் பையன்.
"தீயணைப்பு வண்டி அனுப்பவா மேடம்?"
"தம்பி, தீவு."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும்.
"அப்ப என்ன அனுப்ப?"
"சாக்கு இருந்தா அனுப்பு."

படகிலிருந்து களஞ்சியம்தான் முதலில் பார்த்தான்.
கரையில் வத்தை ஒன்று.
மூன்று கல், அதன்மேல் அண்டா,
அண்டாவில் அட்டை வெந்த கறுப்புத் தண்ணீர்.
அடுப்பை அணைக்கவும் மறந்து இரண்டு பேர்
மறுபக்கம் நீந்திப் போய்விட்டார்கள்.
மூன்றாமவன் போகவில்லை.
பனையோலைச் சருகில் தீ நடந்துபோக
அவன் தன் கைலியை நனைத்து
அதை அடித்துக்கொண்டிருந்தான்.

ஓடாதே என்று கத்த வாயெடுத்தேன்.
ஓடுகிறவனிடம் சொல்லவேண்டிய சொல் அது.
நின்றவனுக்கு என்னிடம் சொல் இல்லை.
"அண்டாவைக் கவுத்துங்க!" என்றான் அவன்.
எனக்கு அவன் உத்தரவு போட்டான்.
நான் கவிழ்த்தேன்.

அதற்கப்புறம் கடலுக்கும் தீக்கும் நடுவே
நாற்பது எட்டு.
அண்டாவின் ஒரு காது அவனிடம்,
ஒரு காது என்னிடம்.
பாதி வழியில் பாதி சிந்தியது.
உமரி வேகும் வாசம்,
உடைமுள் பூட்ஸைத் துளைத்தது.
கிழக்கு மணல்திட்டில் ஆலாக்கள்
முட்டைகளுக்கு மேலே எழும்பி
எங்களையும் தீயையும் ஒன்றாகவே திட்டின.
களஞ்சியம் மண்வெட்டியால் கோடு கிழித்தான்.
சேசடிமைக்கு வயது ஐம்பத்தெட்டு,
நெஞ்சில் ஸ்டென்ட்,
படகைவிட்டு இறங்காதீர்கள் என்றிருந்தேன்.
இறங்கியிருந்தார்.

ஒரு பனை மட்டும் கேட்கவில்லை.
உச்சியில் பிடித்து
இருட்டும்வரை தனியாக எரிந்தது.
கலங்கரை விளக்கம் என்று நினைத்து
பெரியபட்டினத்து வள்ளமொன்று
திசை தப்பப் பார்த்ததாம்.

ஏழரை மணிக்கு மணலில் உட்கார்ந்தோம்.
குடிதண்ணீர் ஒரு பாட்டில். நாலு பேர்.
முதலில் அவனுக்குக் கொடுத்தேன்.
முழங்கை வரை தோல் வழன்றிருந்தது.
அவன் குடித்து முடித்த பிறகு
பெயர் கேட்டேன்.
நம்புவேல். தகப்பன் பெயர் குருசாமி.
"ஏன் நீயும் போகல?"
"தீய வச்சது நாங்கதானே."
அதைக்
குற்ற ஒப்புதல் என்று எழுதுவதா
வேறெப்படி எழுதுவதா என்று
இப்போதும் எனக்குத் தெரியாது.

ஜெட்டியில், டார்ச் வெளிச்சத்தில் மகஜர்.
வத்தை ஒன்று. அண்டா ஒன்று, கரி படிந்தது.
வெந்த அட்டை, எடை பிறகு.
உயிரோடு இருந்தவை நீலத் தொட்டியில்;
தீ வந்தபோது யாரோ
தொட்டியை அலைக்குள் இழுத்து வைத்திருக்கிறார்கள்.
யாரோ என்றுதான் எழுதியிருக்கிறேன்.

எண்ணினேன். நூற்றிப் பதினொன்று.
கட்டுப் போட்ட கையோடு
பெஞ்சிலிருந்து அவன் சொன்னான்:
"பன்னெண்டு."
மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.
"முங்கி எடுத்தவன் நான். பன்னெண்டு."
களஞ்சியம் சாக்கை உதறினான்.
தீயை அடித்த ஈரச் சாக்கு.
மடிப்பில் ஒட்டிக்கொண்டு
ஒரு விரற்கடை உயிர்.

மறுநாள் நாலு மணிக்கு நீதிமன்ற உத்தரவு வந்தது:
உயிருள்ளவற்றைக் கடலில் விடலாம்.
நம்புவேலை அதற்குள்
ராமநாதபுரம் கூட்டிப் போயிருந்தார்கள்.
பாறுக்கு மேலே படகை நிறுத்தி
ஒவ்வொன்றாக விட்டேன்.
களஞ்சியம் போட்டோ எடுத்தான், தேதி விழும்படி.
அவை திரும்பிப் பார்க்கவில்லை,
பார்க்கக் கண்ணும் இல்லை அவற்றுக்கு.
சாக்கிலிருந்த சின்னது கடைசி.
உள்ளங்கையில் சுருங்கி
சுளீரென்று தண்ணீர் பீச்சியது.

பன்னிரண்டு என்று
சத்தமாகச் சொல்லிவிட்டுக்
கையைத் திறந்தேன்.