பூச்சியம் புள்ளி பூச்சியம்

பஹாரெஸ் கணவாயின் உச்சி.
கடைசி ரொட்டிக் கூடையை இறக்கிவிட்டு
வண்டியைத் திருப்புகிறேன்.
லியோன் பக்கம் வெயில்.
எங்கள் அஸ்தூரியாஸ் பக்கம்
கைக்கெட்டும் தூரத்தில் மூடுபனி.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறேன்.
மூன்றாம் கியர்.
டேஷ்போர்டில் எண்கள் சரிகின்றன.
ஆறு, நான்கு, ஒன்று புள்ளி இரண்டு,
பிறகு
0.0

நூறு கிலோமீட்டருக்கு ஒன்றுமே இல்லை.

"பொய்" என்கிறான் ஷுவாகு,
என் நாத்தனார் புருஷன்,
பக்கத்து இருக்கையில் நேற்றைய ரொட்டியை மென்றுகொண்டு.
"எஞ்சின் ஓடுகிறதே, ஒல்விதோ.
எதைத் தின்று ஓடுகிறதாம்?"

மலையைத் தின்று.
இத்தனை நேரம் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றியது,
இப்போது சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது.
டீசல் குழாய்க்கு வேலை இல்லை,
வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நம்பவில்லை. கையை நீட்டி
நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டான்.
இரைச்சல் அடங்கி
வண்டி வழுக்கத் தொடங்கியது.
"கேள், எவ்வளவு அமைதி! இதுதான் சிக்கனம்."

திரையைப் பார் என்றேன்.
0.9

சக்கரத்தின் கையை விட்ட எஞ்சின்
தன் மூச்சுக்குத் தானே சம்பாதிக்க வேண்டும்.
அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம்,
கீழே, ஆற்றோரத்து நீண்ட மெல்லிய இறக்கத்தில்.
இங்கே, பதினேழு சதவீதம் என்று
பலகை மிரட்டும் வளைவில் இல்லை.
பிரேக் கருகும் வாடை வந்தது.
மறுபடி மூன்றாம் கியர்.
அவன் கையில் ஒரு தட்டு.

அடுத்த வளைவில் பசுக்கள்.
பனிக்குள்ளிருந்து முதலில் மணிச்சத்தம்,
பிறகு ஈரமான மூக்குகள்,
எவற்றுக்கும் அவசரமில்லை.
நின்றோம்.

நின்றதும் திரை அலகை மாற்றிக்கொண்டது:
மணிக்கு 0.7 லிட்டர்.
தூரமே பூச்சியமானால்
எதை எதால் வகுப்பது?
சங்கடமான கேள்வி வந்ததும்
வானிலை பேசுகிற விருந்தாளி மாதிரி.
ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது,
சும்மா நிற்பதற்கும் காசு உண்டு.

பசுக்கள் போய்விட்டன.
ஷுவாகு செல்போனை எடுத்து நீட்டினான்.
போன செவ்வாய்க்கிழமை படம்.
இதே வண்டி, இதே திரை.
சராசரி 2.1

அடுமனையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறான்.
எத்தெல்வினா அம்மாள் என்னைக் கூப்பிட்டு
"நீ மட்டும் ஏன் எட்டரை குடிக்கிறாய்?" என்று
கணக்குப் புத்தகத்தைத் தட்டியது
இதனால்தானா.

"சராசரிப் பொத்தானை எங்கே அழுத்தினாய்?"

பதில் இல்லை.
இரண்டு வளைவுகள் போயின.
ஒரு லாரி எதிரே
இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறிப் போனது.

"உச்சியில்" என்றான்,
ஜன்னல் கண்ணாடியிடம்.

விடியாத நாலு மணிக்கு
இருநூற்று நாற்பது ரொட்டி,
ஆறு மூட்டை மாவு, சைடர் பெட்டிகள்,
எல்லாவற்றையும் இதே வண்டியில் நான் ஏற்றிய மலை அது.
அப்போது திரையில் பதினாலு.
சில வளைவுகளில் பதினெட்டு.
இந்த 0.0க்கு
அங்கேயே பணம் கட்டியாகிவிட்டது.
திரும்பி வரும் மலையை
இனாம் என்று எழுதிக்கொள்வது அவனவன் விருப்பம்.

என் பெயருக்கு எங்கள் பாஷையில்
மறதி என்று அர்த்தம்.
அந்தப் பொத்தானை மட்டும்
நான் ஒருநாளும் தொட்டதில்லை.

கம்போமானெஸ் பாலம்.
பனி மேலே நின்றுவிட்டது.
சாலை மட்டமாகிறது, வேகம் குறைகிறது,
0.0 இன்னும் ஒரு நொடி, இன்னும் ஒன்று.
சிக்னலில் பச்சை.
காலை வைக்கிறேன்.

5.8

"நாளைக்கு ஏற்றத்தில் நான் ஓட்டட்டுமா?" என்றான் ஷுவாகு.
மூட்டை ஏழு, என்றேன்.